விரதமிருக்கும் ரத்தக் காட்டேரி

செப்டம்பர் 5, வியாழன்

நீலப் புள்ளி இல்லை. மூக்கில் ரத்தம் இல்லை. ஈறிலும் இல்லை.

டாக்டர் எழுதச் சொன்னது இவ்வளவுதான். ஜூலை மாதம் என் மகள் இசக்கிப்ரியாவுக்கு உடம்பெல்லாம் நீலம் நீலமாகப் புள்ளி வந்து, ரத்தத்தில் பிளேட்லெட் எட்டாயிரத்துக்கு இறங்கி, பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். மாத்திரையில் ஏறியது. இப்போது மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள். இனி அந்த அளவு தானாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 16ஆம் தேதி டெஸ்ட். நின்றால் ஏழாம் வகுப்பு கோ-கோ டீமில் அவள் மறுபடி ஓடலாம். நிற்காவிட்டால் மறுபடி அதே வார்டு, அதே கட்டில்.

அதுவரை தினமும் ஒரு நோட்டில் குறிக்கச் சொன்னார். கடையில் நாற்பது பக்க நோட்டு தீர்ந்துபோய் இருநூறு பக்கம்தான் இருந்தது. நாளுக்கு மூன்று வரி எழுதினால் இந்த நோட்டு எனக்குப் பேரன் பிறக்கும் வரை வரும். அதனால் கூடக் கொஞ்சம் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும் தேறியவன். கணக்கும் இங்கிலீஷும் கேட்காத வரை இந்த நோட்டில் நான் பெயிலாக மாட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

முழங்காலில் ஒரு நீலப் புள்ளி இருந்தது. பேனா மை. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிய பிறகுதான் ஜெயக்கொடி சொன்னாள், "விடுங்க, இனிமே தோலு வந்துரும்." ஜெயக்கொடி என் மனைவி. பீடி சுற்றுகிறாள். கை நிற்காது, வாயும் நிற்காது.

நேர்ச்சை விஷயத்தை எழுதிவிடுகிறேன். வார்டில் இருந்தபோது முத்தாரம்மனிடம் சொன்னேன்: "தாயே, பிள்ளைய எழுப்பி விடு. இந்தத் தசராவுக்கு வேஷம் கட்டுதேன். என்ன வேஷம்னு பிள்ளையே சொல்லட்டும்." குலசேகரன்பட்டினம் தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் விரதமிருந்து, வேஷம் கட்டி, ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கி அம்மன் உண்டியலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். காளி, ராஜா, போலீஸ், கரடி என்று எதுவும் கட்டலாம். பிள்ளை போலீஸ் சொல்வாள் என்று நினைத்து மீசையைக்கூட மனதில் முறுக்கி வைத்திருந்தேன்.

இன்று கேட்டேன்.

"ரத்தக் காட்டேரி" என்றாள்.

தப்பு என்மேல்தான். வார்டில் காலையும் மாலையும் ரத்தம் எடுக்க வரும் நர்ஸம்மாவுக்கு அவள் வைத்த பெயர் அது. பொழுது போக வேண்டுமே என்று செல்போனில் காட்டேரிப் படங்களாகப் போட்டுக் காட்டினேன். கோட்டையில் இருந்துகொண்டு கழுத்தைக் கடிக்கும் வெள்ளைக்காரப் பிரபு. கதை எல்லாவற்றிலும் ஒன்றுதான், கடிக்கிற நடிகர்தான் வேறு.

"கரடி நல்லாருக்கும் தாயி. குளிருக்கும் ஆவும்."

"நேர்ச்சைய மாத்தினா அம்மன் கோவிப்பான்னு நீதானப்பா சொன்ன."

செப்டம்பர் 10, செவ்வாய்

புள்ளி இல்லை. ஆனால் இசக்கி டெஸ்டுக்கு வரமாட்டாளாம்.

"முப்பத்தாறு தடவ குத்திட்டாவ. நான் எண்ணி வச்சிருக்கேன்."

"இது ஒண்ணே ஒண்ணு தாயி."

"அப்பம் ஒண்ணு பண்ணு. வேஷம் கட்டி என்னைய ஒரே ஒரு தடவ நெசமா பயமுறுத்து. அந்தப் பயத்துல ஊசிப் பயம் போயிரும். அப்பம் வாரேன்."

இதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. ஜெயக்கொடிதான் பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இவியளா? இவிய பயமுறுத்தவா? நம்ம வீட்டுப் பல்லிகூட இவியள மதிக்காதுட்டி."

உண்மைதான். ஐந்தடி இரண்டங்குலம். பத்தொன்பது வருஷமாக அசைவ ஓட்டலில் சப்ளையர். "வாங்க, உக்காருங்க, சூடா என்ன வேணும்" என்பதைத் தவிர யாரிடமும் எதையும் அழுத்திச் சொன்னதில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

மாலை போட்டு விரதம் தொடங்கினேன். முப்பத்தொரு நாள் கவிச்சி கிடையாது, ஒரு வேளைச் சாப்பாடு. ஓட்டல் அண்ணாச்சியிடம் கறி தொட முடியாது என்றேன். "சரிடே, இலை போடு, தண்ணி வை. என்ன வேஷம்?" என்றார். சொன்னேன். கல்லாவில் இருந்து எழுந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரத்தம் குடிக்கிறவன் முட்டைகூடத் தின்னக்கூடாதாக்கும்" என்றார்.

எங்கள் தசரா குழுவுக்குத் தலைவர் ஜெயக்கொடியின் அண்ணன் ராஜதுரை. சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மாப்ள, வெள்ளைக்காரப் பேய்க்கு அம்மன் சன்னிதியில என்ன சோலி?"

நான் தலையைச் சொறிந்தேன். ஜெயக்கொடி கேட்டாள்: "போன வருசம் நீ கட்டின கொரில்லாக் குரங்கு எந்த ஊரு? உடன்குடியா?"

ராஜதுரை மச்சான் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

செப்டம்பர் 14, சனி

புள்ளி இல்லை. லேபுக்குப் போன் போட்டு டெஸ்டை 30ஆம் தேதிக்கு மாற்றினேன். பிள்ளை பயப்படுகிறாளே, பிடித்து இழுத்தா கொண்டுபோக முடியும்.

செப்டம்பர் 19, வியாழன்

புள்ளி இல்லை. எந்தக் காட்டேரியைப் போல நடிப்பது என்று முடிவு செய்ய இன்று எல்லாரையும் மறுபடி பார்த்தோம். நடிகர்களின் பெயர் இங்கிலீஷில் ஓடி மறைந்துவிடுவதால் நாங்கள் வைத்த பெயர்தான். மார்க் போடுவது இசக்கி.

எண்ணெய்த்தலை: கறுப்பு வெள்ளைப் படம். பல்லே காட்டுவதில்லை. ஜவுளிக்கடை முதலாளி மாடிப்படியில் நின்று கூட்டத்தைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நாம் போய் டீ குடித்துவிட்டு வரலாம். "கண்ண மட்டும் வச்சே நடிக்காரு. ஆனா ரொம்ப மெதுவு." எழுபது.

நெட்டையர்: கலர்ப் படம். பேச்சே கிடையாது. கதவைத் திறக்கிற பழக்கமும் கிடையாது, உடைத்துக்கொண்டுதான் வருவார். எண்பத்தைந்து. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டுக் கதவை நான் தோளால் இடித்தால் கதவுக்கு ஒன்றும் ஆகாது.

எலிமூஞ்சி: மொட்டைத் தலை, நடுவில் இரண்டு பல், சாண் நீள நகம். தொண்ணூறு. "இவரு நடிக்கவே இல்லப்பா. வந்து நிக்காரு. அதான் பயமாருக்கு." அந்த நகத்தை வைத்துக்கொண்டு காணிக்கைத் தட்டைப் பிடிக்க முடியாது என்பதால் விட்டோம்.

அழுகுணி: புதுப் படம். செத்துப்போன சம்சாரத்தை நினைத்து நினைத்துக் கண்ணீர் விடுகிறார். எனக்கு இவரைத்தான் பிடித்தது, கண்கூடக் கலங்கிவிட்டது. அவள் முப்பத்தைந்துதான் போட்டாள். "இவரு கடிக்க வந்தாரா, பொண்ணு பாக்க வந்தாரா?"

"மனசுல வேதன இருக்கவனும் வில்லனா இருக்கலாம் தாயி."

"அப்பம் எதுக்கு அவ்ளோ நீளமா பல்லு வச்சிருக்காரு? வேதனப்பட ரெண்டு பல்லு போதாதா?"

கடைசியாக ஒரு பழைய தமிழ்ப் படம். மீசை வைத்த காட்டேரி. கடிக்கப் போகிற பெண்ணிடம் கற்பைப் பற்றி ஐந்து நிமிஷம் வசனம் பேசுகிறார். முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடுகிறது. இருபது மார்க், அதுவும் தமிழுக்கு.

செப்டம்பர் 22, ஞாயிறு

இலை போட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்று உறைத்தது. எல்லாப் படத்திலும் ஒரு விருந்து உண்டு. பிரபு தானே வாசலுக்கு வந்து விருந்தாளியை அழைக்கிறார், நாற்காலியை இழுத்துப் போடுகிறார், மூடியைத் திறந்து பரிமாறுகிறார். அவர் மட்டும் சாப்பிடுவதில்லை. பக்கத்தில் நின்று, அவன் சாப்பிடுவதைச் சிரித்த முகத்தோடு பார்க்கிறார்.

இதைத்தானே நான் பத்தொன்பது வருஷமாகச் செய்கிறேன். அதிலும் இந்தப் பத்து நாளாக மட்டன் சுக்கா வாசத்துக்கு நடுவில் வெறும் வயிற்றோடு நின்று சிரிக்கிறேன். எந்த நடிகருக்கு இப்படி ஒரு பயிற்சி கிடைத்திருக்கும்?

செப்டம்பர் 24, செவ்வாய்

புள்ளி இல்லை. ஜெயக்கொடி நாலு கறுப்புக் குடைத் துணியைப் பிரித்து அங்கி தைத்தாள். உள்பக்கம் அவளுடைய பழைய சிவப்புச் சேலை. பேன்சி ஸ்டோரில் பிளாஸ்டிக் பல் வாங்கினேன். போட்டுக்கொண்டு "வாங்க" என்றேன். பல் சாம்பாரில் விழுந்தது. "இப்பம் யாரக் கடிக்கப் போறீய, முருங்கக்காயையா?" என்றாள்.

செப்டம்பர் 28, சனி

இன்று ஒத்திகை. முகத்தில் சுண்ணாம்பு வெள்ளை பூசி, கண்ணைச் சுற்றி மை, தலையில் எண்ணெய். இசக்கி சாப்பிட உட்கார்ந்தாள். எண்ணெய்த்தலையின் பார்வை, நெட்டையரின் முறைப்பு, எலிமூஞ்சியின் நிற்பு எல்லாவற்றையும் கலந்து, மெதுவாகக் குனிந்து, அவள் காதோரம் சொன்னேன்: "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

"வை" என்று தட்டை நீட்டினாள். "எப்பா, இது நீ எப்பமும் பேசுறதுதானே."

"பயமா இல்லியா?"

"ரசம் ஊத்து."

செப்டம்பர் 29, ஞாயிறு

புள்ளி இல்லை. டெஸ்டை 10ஆம் தேதிக்கு மாற்றிக் கேட்டேன். நாளை திங்கட்கிழமை, லேபில் கூட்டமாக இருக்கும்.

அக்டோபர் 3, வியாழன்

கொடியேறியது. காப்புக் கட்டிக்கொண்டேன். கூட்டத்தில் அம்மன் முகம் ஒரு நொடிதான் தெரிந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று முதல் வேஷத்தோடு குழுவில் போகிறேன். முன்னால் மேளம், அடுத்து காளி, இரண்டு ராஜா, ஒரு கரடி, அதற்குப் பின்னால் நான். காளியைக் கண்டதும் தெருவே கும்பிட்டது. என்னைக் கண்டதும் ஒரு பெரியவர் கூப்பிட்டார்: "ஏய் சப்ளையர், ரெண்டு புரோட்டா, சால்னா தனியா." இத்தனை வெள்ளை பூசியும் அடையாளம் தெரிகிறது. நடையில் தெரிகிறதாம். கையில் தட்டு இருந்தால் எனக்கு வேறு நடை வராது.

அண்ணாச்சியின் ஓட்டலுக்கும் போனோம். அவர் கல்லாவை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டில் காணிக்கை போட்டு, "துன்னூறு குடுங்க சாமி" என்று என் முன்னால் நெற்றியை நீட்டினார். பூசிவிட்டேன். அவர் நெற்றியை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை.

இசக்கியை இன்றும் பயமுறுத்த முடியவில்லை. கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பாய்ந்தேன். அங்கி தாழ்ப்பாளில் மாட்டிக்கொண்டது.

அக்டோபர் 10, வியாழன்

காலையில் இருந்து திருச்செந்தூர் பஜாரில் காணிக்கை. ஜெயக்கொடி பிள்ளையை ஆட்டோவில் அங்கே இருக்கும் லேபுக்குக் கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"ஏங்க, இவ ஆட்டோவ விட்டு எறங்க மாட்டேங்கா. கம்பியப் பிடிச்சிக்கிட்டு இருக்கா. வாங்க."

வேஷத்தைக் கலைத்துவிட்டுப் போகலாமா என்று ராஜதுரை மச்சானைக் கேட்டேன். "கட்டின வேஷத்த நடுத்தெருவுல கலைப்பாவளா மாப்ள? அப்படியே போங்க. அம்மன் பாத்துக்கிடுவா."

அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஆட்டோ லேப் வாசலில் நின்றது. இசக்கி உள்ளே இருந்தபடி என்னைப் பார்த்தாள்.

"எத்தன மார்க்?" என்றேன்.

"அம்பது. ஓடி வந்ததுக்கு."

"எறங்கு தாயி."

"நீ என்னைய இன்னும் பயமுறுத்தலியே."

பதில் சொல்வதற்குள் ஒரு பெண் நாலு வயதுச் சிறுமியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "சாமி, எம்பிள்ளைக்கு ஊசி போட்டு ரத்தம் எடுக்கணுமாம். துன்னூறு பூசி விடுங்க." வேஷம் கட்டியவன் அம்மனுடைய ஆள். என்ன வேஷம் என்று யாரும் பார்ப்பதில்லை, கேட்டால் மறுக்கவும் கூடாது. ஒரு கையில் அங்கி, ஒரு கையில் தட்டு, திருநீறு இடுப்புப் பையில். "இசக்கி, தட்டப் பிடி" என்றேன். சாமி காரியம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினாள்.

ஒருவருக்குப் பூசியதும் லேபுக்குள் இருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். சர்க்கரைக்காரர் ஒருவர், பிரஷர்க்கார அம்மா ஒருவர், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி. வாசலில் தொடங்கியது எப்படியோ ரத்தம் எடுக்கும் நாற்காலி வரை போய்விட்டது. தட்டோடு இசக்கியும் உள்ளே வந்துவிட்டாள். அந்தச் சிறுமி என் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கடிப்பியா?"

"இல்ல தாயி. நான் வெரதம்."

லேப் முழுக்கச் சிரித்தது. இசக்கியும்தான். தட்டில் இருந்த சில்லறை குலுங்கியது. சத்தம் கேட்டு லேபில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா அம்மா வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்.

"இசக்கிப்ரியாவா? வாம்மா, ஒருவழியா வந்துட்டீங்க. ரெண்டு தடவ தேதிய மாத்திட்டீங்களே சார். மொத தடவ பிள்ளைக்குக் காய்ச்சல்னீங்க. அடுத்தது வீட்ல பால் காய்ப்புன்னீங்க."

நாங்கள் இருப்பது வாடகை வீடு. ஜெயக்கொடி என்னைப் பார்த்தாள். முகத்தில் வெள்ளை பூசியிருப்பதில் ஒரு வசதி, உள்ளே என்ன நிறம் மாறினாலும் வெளியே தெரியாது.

"எனக்கு எப்பம்ப்பா காய்ச்சல் வந்துச்சு?" என்றாள் இசக்கி.

பல் போட்டிருக்கிறேன், பேச வராது என்று சைகை காட்டினேன்.

"இப்பம் வெரதம்னு நல்லாத்தான பேசுன."

தட்டை ஜெயக்கொடியிடம் கொடுத்தாள். நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "எப்பா, வந்தா பக்கத்துல வந்து நில்லு. இல்லன்னா வெளிய போ. நடுவுல நிக்காத."

பக்கத்தில் போய் நின்றேன். சுவரில் காலண்டர் இருந்தது. அதில் ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் நன்றாகப் போட்டிருந்தார்கள். எமகண்டம் என்பதை மட்டும் வாசிக்காமல் தாண்டினேன். ஊசியை எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எப்பா, எடுத்தாச்சு. கண்ணத் தெற."

இறங்கி வந்து அந்தச் சிறுமியிடம் சொன்னாள்: "வலிக்கும். ஆனா பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும்."

முடிவைச் சாயங்காலமே போனில் கேட்டுக்கொள்ளலாம் என்றார் ஸ்டெல்லா அம்மா.

அதே நாள், மாலை

மேளச் சத்தத்தில் போன் பேச முடியவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. லேப் பூட்டியிருக்கும்.

"தெறந்துதான் இருக்கு. ஆட்டோக்காரர்ட்ட கேட்டேன்" என்றாள் ஜெயக்கொடி.

"டாக்டர் திங்கட்கிழமதான வாராரு. அவரு வாயாலயே கேட்டுக்கிடுவோமே."

திட்டுவாள் என்று இருந்தேன். பீடி இலையை வெட்டிக்கொண்டே இருந்தாள். "சரி. எனக்கும் கை ஓடலங்க" என்றாள். நானும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் வெட்டியதில் பாதி உதவாது என்று அவள் சொல்லவில்லை.

அக்டோபர் 12, சனி

கடற்கரையில் சூரசம்ஹாரம். புள்ளி இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

காப்பு அவிழ்த்தாகிவிட்டது. முகம் கழுவினேன். காது மடலில் மட்டும் வெள்ளை போகவில்லை. ஜெயக்கொடி மீன் வாங்கட்டுமா என்று கேட்டாள். நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

அக்டோபர் 14, திங்கள்

தனியாகத்தான் போனேன். டாக்டர் தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். எந்தக் காட்டேரி நடிகரும் இவ்வளவு மெதுவாக எதையும் செய்ததில்லை.

"ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்" என்றார்.

"அது நல்லதா சார்?"

"நல்லா ஓட விடுங்க."

வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். இசக்கிதான் எடுத்தாள்.

"எப்பா?"

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பல்லும் இல்லை, வேஷமும் இல்லை, தொண்டைதான் அடைத்துக்கொண்டது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எப்பா, சொல்லு."

தலையை ஆட்டினேன். போனில் தலையை ஆட்டினால் யாருக்குத் தெரியும்.

"எப்பா..." குரல் மெலிந்துவிட்டது. ஜூலையில்கூட அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "எப்பா, பரவால்ல. மறுபடி வார்டுக்குப் போணும்னா போவோம். குத்தினா குத்தட்டும். நீ அழாத. அழாதப்பா, பயமாருக்கு."

அப்போதுதான் தொண்டை திறந்தது. "ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம். ஓடலாம்னுட்டாரு."

அப்புறம் ஆரம்பித்தாள். கிறுக்கா உனக்கு, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த, எனக்குக் கை காலெல்லாம் ஆடிப்போச்சு, அம்மா அங்க முந்தானைய வாயில வச்சிக்கிட்டு நிக்கா என்று ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தாள். பாதியில் ஜெயக்கொடி போனைப் பிடுங்கி மிச்சத்தைத் திட்டினாள். இரண்டு பேரும் அழுதுகொண்டு திட்டியதால் முழுக்க விளங்கவில்லை. ஆனாலும் காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுபடி இசக்கி வந்தாள்.

"பயந்துட்டியா தாயி?"

"பின்ன?"

"எத்தன மார்க்?"

போனை வைத்துவிட்டாள். நான் திரும்பப் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன்.

"என்ன?"

"சும்மாதான்."

"சீக்கிரம் வா. தெருவுல ஓடணும். எண்ணுறதுக்கு ஆள் வேணும்."

கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். சாயங்காலம் எங்கள் தெருமுனையில் இருந்து தண்ணீர்த் தொட்டி வரை ஓடித் திரும்பச் சொன்னேன். அறுபதுக்குள் வருவேன் என்றாள். ஐம்பத்து மூன்றில் வந்தாள். நிற்காமல் திரும்பி மறுபடி ஓடினாள். மூன்றாவது தடவையும் போனாள். போதும் என்று நான் சொல்லவில்லை, எண்ணிக்கொண்டே நின்றேன்.